ஒழுகாத அணை

அணை என்றதும் மனதில் எழுகிற எதுவும் அதில் கிடையாது. அறுபதடி நீளத்துக்கு ஒரு கருங்கல் சுவர். உயரம் இரண்டு ஆள் இருக்கும். நரிப்பாறைக் குன்றின் இரண்டு முதுகுகளுக்கு நடுவே, யாரோ அவசரத்தில் சொருகிவிட்டு மறந்துபோன பலகையைப் போல நின்றது. அடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் அதற்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டியது. ஆஸ்பத்திரி மூடிப்போயிற்று. குழாயைப் பழைய இரும்புக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுவரைத் தூக்கிக்கொண்டு போக வழி தெரியாததால் அது மட்டும் மிஞ்சியது.

ஐப்பசி, கார்த்திகையில் நிறையும். மாசி முடிவதற்குள் பாதி வடியும். சித்திரையில் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மதகைத் திறக்கிற சக்கரம் துருப்பிடித்து அசையாமல் போய் முப்பது வருஷம் ஆகிறது. யாரும் ஒரு குடம் மொண்டது கிடையாது. ஆனாலும் தண்ணீர் போய்விடும். அடிவாரத்துப் பாறையடிக் கிராமத்தில் அதற்கு ‘ஒழுகல் டேம்’ என்று பெயர். அவர்கள் அதைத் திட்டுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஒருவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைப்பது போலத்தான்.

அதை ஒரு குறையாகக் கண்டுபிடித்தவர்கள் ஹில் கிரெஸ்ட் குடியிருப்புக்காரர்கள். பெருங்களத்தூரிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர், பாறையடிக்குப் பக்கத்தில் தொண்ணூற்றாறு வீடுகள். எட்டு வருஷத்துக்கு முன் வந்தவர்கள். குன்றைப் பார்த்த பால்கனி என்று சொல்லித்தான் வீடுகளை விற்றார்கள். வாங்கியவர்கள் குன்றைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், அதற்குப் பிறகு ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டார்கள்.

அவர்களில் யூனிஸும் ஒருத்தி. அறுபத்து மூன்று வயது. நிலத்தடி நீரை ஆராயும் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பொறியாளர்கள் மலையேறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதையெல்லாம் மெல்லிய தாளில் மைக்கோடாக இழுப்பது அவள் வேலை. அவளுக்குப் பேச்சு குறைவு, படிப்பு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைச் சாது என்று நினைத்திருந்தார்கள். சாதுவெல்லாம் இல்லை. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்த அரை நிமிஷத்துக்குள் அவரை எடைபோட்டு, போதாது என்று முடிவு கட்டி, அதற்குப் பிறகு அவருக்காக ஒரு வார்த்தையும் செலவழிக்காமல் இருப்பவள். தன்னுடைய மௌனத்தை அவள் ஒரு தரமாகவே நினைத்திருந்தாள்.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவன் கேஷவ். நாவலூரில் ஒரு கம்பெனியில் பெரிய வேலை. காதோரம் நரைத்த பிறகும் யூனிஸை ஆன்ட்டி என்று கூப்பிடுவான். எதைச் சொன்னாலும் திரையில் படம் காட்டித்தான் சொல்வான். போன வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப் ஹவுஸில் விளக்கை அணைத்துவிட்டு, அணையின் படத்தைத் திரையில் போட்டான். ஜனவரியில் நிறைந்து நிற்கும் அணை ஒரு பக்கம், மே மாதத்தில் வெடித்த மண் மறுபக்கம். நடுவில் சிவப்பு எழுத்தில் ‘லீக்கேஜ்’.

“நம்ம தலைக்கு மேல ஒரு டேம் இருக்கு. ஆனா நாம லாரிக்கு ஃபோன் பண்றோம். திஸ் இஸ் எ ஷேம்,” என்றான். “எங்க கம்பெனியோட சமூகப் பொறுப்பு நிதி இருக்கு. அடியில முழுசா பிளாஸ்டிக் ஷீட் போட்டுடலாம். விவசாயிங்க பண்ணைக் குட்டைக்குப் போடுறாங்களே, அதே டெக்னாலஜி. ஒரு சொட்டு வெளிய போகாது.”

கைதட்டினார்கள். யூனிஸின் கணவர் லாசரஸும் தட்டினார். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கூட்டம் என்று ஒன்று இருந்தால் கடைசியில் சமோசா வரும் என்பதை எட்டு வருஷத்தில் கண்டறிந்தவர்.

யூனிஸ் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். “அது லீக் இல்லை, கேஷவ். அதுதான் நம்ம கிணத்துல ஊறுது.”

கேஷவ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதாவது சொன்னால் சிரிப்போமே, அது. “ஆன்ட்டி, டேம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மலை மேல இருக்கு. நடுவுல முழுக்கப் பாறை. பாறைக்குள்ள பூந்து தண்ணி எப்படி வரும்? அதுக்கு ஆதார் கார்டு இருக்கா, அட்ரஸ் பார்த்து வர்றதுக்கு?”

இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள். லாசரஸ்கூட ஒரு கனைப்புக் கனைத்தார்.

பாறைக்குள் எப்படி வரும் என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால் அவள் கையாலேயே தெரியும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் இந்தக் குன்றின் வரைபடத்தை அவள்தான் வரைந்தாள். கருங்கல்லை நெடுக்காகப் பிளந்துகொண்டு ஒரு விரிசல், அணையின் அடியில் தொடங்கி, சரிவில் இறங்கி, பாறையடியின் பொதுக்கிணற்றைத் தொட்டு, பிற்காலத்தில் ஹில் கிரெஸ்ட் கட்டப்பட்ட நிலத்துக்குள் ஓடியது. சிவப்பு மையில் அதை இழுத்தபோது கை நடுங்கி ஓரிடத்தில் பிசிறடித்ததும், மேலதிகாரி திட்டியதும்கூட ஞாபகம் இருந்தது. மழைக்காலத் தண்ணீர் ஓடிக் கடலுக்குப் போகாமல் அங்கே நாலு மாசம் தேங்கி நிற்கும், விரிசல் வழியாக மெல்ல இறங்கும், கீழே கிணறுகளில் ஊறும். குழாய் போன பிறகும் அணை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பத்து நிமிஷம் எழுந்து நின்று இதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்குச் சிரித்தவர்களில் நாலு பேராவது கேட்டிருப்பார்கள்.

ஆனால் சிரித்தவர்களுக்கு எதற்கு விளக்கம்? ஆதார் கார்டாம். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பாதியில் விட்ட புத்தகத்தைத் திறந்தாள்.

மூன்று நாள் கழித்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் செயலாளர் சுஜி ஒரு செய்தி போட்டாள். அணை வேலைக்குத் தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. உறுப்பினர்கள் கேஷவ், பி பிளாக்கில் டைல்ஸ் வியாபாரம் செய்யும் ஒருவர், அரசுத் துறை அனுபவம் உள்ள திருமதி யூனிஸ் லாசரஸ். அனுமதி விண்ணப்பத்தில் அப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது. கடைசி வரி அந்தச் சங்கத்தில் எல்லாச் செய்திக்கும் வழக்கமாக வருவது: ‘மறுப்பு உள்ளவர்கள் நாளை மாலை ஆறு மணிக்குள் பதிவிடவும். பதிவு இல்லையெனில் ஒப்புதலாகக் கொள்ளப்படும்.’ லிஃப்ட்டுக்குப் பெயிண்ட் அடித்ததும், வாட்ச்மேனை மாற்றியதும், நாய்களை மாடிக்குக் கொண்டுபோகக் கூடாது என்றதும் இந்த வழியில்தான் முடிவாயிற்று.

கீழே நாற்பத்தொரு கட்டைவிரல்கள் முளைத்தன. கும்பிட்ட கைகள், கொட்டிய பூக்கள், ஆடுகிற ஒரு மயில்.

“உன் பேரைப் போட்டிருக்காங்க பாரு,” என்றார் லாசரஸ், தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே. “பதில் போடலையா?”

“இதுக்கெல்லாம் ஒரு பதிலா?” என்றாள் யூனிஸ். செய்தியைக் கடைசி வரி வரை படித்துவிட்டு ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அது மறுநாள் மாலை ஆறு மணி வரை கவிழ்ந்தே கிடந்தது.

செப்டம்பரில் ஷீட் வந்தது. லாரி ஏறாததால் சுருள் சுருளாக ஆட்கள் தோளில் சுமந்தார்கள். அடிமண்ணை வழித்து, பாறையைக் கழுவி, கறுப்புப் பிளாஸ்டிக்கை விரித்து, ஓரங்களைச் சூடாக்கி ஒட்டினார்கள். யாரோ ராட்சதக் குடை ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. திறப்பு விழாவுக்குக் கம்பெனியிலிருந்து ஒரே நிறச் சட்டை போட்ட பதினைந்து பேர் வந்தார்கள். மலையடிவாரத்தில் பந்தல். வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் நன்றி, சின்ன எழுத்தில் அணையின் பெயர். லாசரஸ் போய்வந்து, சமோசாவோடு ஜிலேபியும் தந்ததாகச் சொன்னார்.

மழை நன்றாகப் பெய்தது. அணை நிறைந்தது. பொங்கலுக்கு அப்படியே இருந்தது. பிப்ரவரியில் அப்படியே இருந்தது. கேஷவ் சுவரில் அளவுகோல் ஒன்றைப் பதித்து, அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கேமராவையும் மாட்டி, தினம் காலை குழுவில் படம் போட்டான். ‘ஜீரோ லீக்!’ கட்டைவிரல்கள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஏறிப் போய், பச்சைத் தண்ணீரின் முன்னால் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் குடியிருப்பின் நாலு கிணறுகளிலும் மோட்டார் காற்றை இழுத்தது. மோட்டார் பழசு என்றான் கேஷவ். மோட்டாரை மாற்றினார்கள். புதிய மோட்டார் இன்னும் வேகமாகக் காற்றை இழுத்தது. பக்கத்து மனைப்பிரிவில் ஆழ்குழாய் போட்டதால் என்றான். பிறகு பூமி சூடாவதால் என்றான். மேடவாக்கம் பக்கத்திலிருந்து தண்ணீர் லாரிகள் வரத் தொடங்கின. தலைக்கு மேல் ஒரு அணை நிறைய நீரை வைத்துக்கொண்டு தொண்ணூற்றாறு வீடும் லாரியின் ஹாரனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. அணைத் தண்ணீரைக் குழாயில் இறக்கலாம் என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குளிக்கக்கூட லாயக்கில்லை என்று தாள் வந்தது. மண்ணைத் தொடாமல், பாறையில் வடியாமல், பிளாஸ்டிக்கில் தேங்கி வெயிலில் வெந்த தண்ணீர் வேறு எப்படி இருக்கும்?

யூனிஸ் இதையெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு உள்ளூர ஒரு ருசி இருந்தது. ஒவ்வொரு புதுக் காரணத்தையும் கேஷவ் குழுவில் போடும்போது அவள் உதடு ஒரு பக்கம் கோணும். முட்டாள்களுக்குத் தண்ணீரே பாடம் நடத்தட்டும் என்று இருந்தாள். லாரித் தண்ணீர் அவள் வீட்டுக்கும் வந்ததால் அந்த ருசிக்கு இடைஞ்சல் எதுவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் சரசு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். பாறையடிக்காரி. யூனிஸ் வீட்டில் ஆறு வருஷமாக வேலை செய்கிறவள்.

“இன்னாக்கா பண்றது, கெணறு காஞ்சி பூட்ச்சி,” என்றாள், செருப்பை வாசலில் உதறிக்கொண்டே.

“எந்தக் கிணறு?”

“எங்களுக்கு இன்னா ஒன்போது கெணறா கீது? பொதுக்கெணறுதான். பத்து நாளா சேறாட்டம் வந்துகினு இருந்துச்சி. நேத்து வாளிய வுட்டா டங்குனு தரையில தட்டுது. மெட்ராசே லாரி பின்னால ஓடுச்சே ஒரு வருசம், அப்பக்கூட அது வத்தலக்கா. அறுவது வூடு. காலைல நாலு மணிக்கே கொடத்தத் தூக்கிகினு ரயில்வே கேட்டாண்ட போறோம். பேஜாரா பூட்ச்சி.”

யூனிஸ் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். பாறையடியை அவள் நினைக்கவே இல்லை. சிவப்பு மையில் அந்தக் கிணற்றைத் தொட்டுக் கோடு போட்டவள், கேஷவுக்குப் பாடம் நடக்கட்டும் என்று காத்திருந்த இத்தனை மாதத்தில், ஒரே ஒரு தடவைகூட அந்தக் கிணற்றை நினைக்கவில்லை.

“மேல அவ்ளோ தண்ணி நிக்குது, கீழ இப்டி கீது,” என்றாள் சரசு. “அந்த ஷீட்டு போட்டதாலதான்னு அன்பு சொல்லிகினு திரியறான். அப்டியாக்கா? நீதான் அந்த ஆபீசுல இருந்தியே.”

யூனிஸ் மூடிய புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். பிறகு, “இருக்கலாம்,” என்றாள்.

சரசு தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு வேளைப் பாத்திரத்தையும்.

அடுத்த ஞாயிறு பாறையடியிலிருந்து இருபது பேர் கிளப் ஹவுஸுக்கு வந்தார்கள். முன்னால் அன்பு. கட்டட வேலைக்காரன், போன செப்டம்பரில் அந்த ஷீட்டைச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன். பக்கத்தில் ஞானம்மாள். கிணற்றில் தகராறு வந்தால் யார் முதலில் மொள்வது என்று முறை வைப்பவள், யாருக்கும் பயப்படாதவள். சரசு வாசலோடு நின்றுகொண்டாள். யூனிஸ் தாம்பரத்தில் ஆராதனை முடிந்து அப்போதுதான் லாசரஸோடு வந்திருந்தாள். ஜெபப் புத்தகம் கையில் இருந்தது.

“ஷீட்ட எட்த்துடுங்க சார்,” என்றான் அன்பு. “நாந்தான் சொமந்து போட்டேன். நானே எட்த்து மட்ச்சிக் குடுத்துடறேன். கூலி வாணாம்.”

“அண்ணா, இது எமோஷனா பேசற விஷயம் இல்ல. டெக்னிக்கல் மேட்டர்,” என்றான் கேஷவ். “முறையா அனுமதி வாங்கி, எக்ஸ்பர்ட் ஒப்புதலோட செஞ்சிருக்கோம். தொட்டீங்கன்னா கேஸ் ஆயிடும். மேல கேமரா இருக்கு.”

“நாங்க தொட்டா கேசு, நீ தொட்டா பங்ஷனா?” என்றாள் ஞானம்மாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“சரி, எந்த எக்ஸ்பட்டு சொன்னது? பேரச் சொல்லு. நாங்க போயி அவரு கால்ல வுழுறோம்,” என்றான் அன்பு.

கேஷவ் கோப்பைத் திறந்து படித்தான். “தொழில்நுட்பக் குழு, மறுப்பின்றி ஒப்புதல். திருமதி யூனிஸ் லாசரஸ், ஓய்வு, நிலத்தடி நீர்ப் பிரிவு.”

இருபது தலைகளில் எதுவும் திரும்பவில்லை. அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. வாசலில் நின்ற சரசு ஒருத்திதான் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் யூனிஸ் தாங்கியிருப்பாள். பொய் எடை போட்டதைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைக்காரரைப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

“நான் கையெழுத்துப் போடலை,” என்றாள் யூனிஸ்.

“இல்ல ஆன்ட்டி, ஆனா நீங்க மறுப்பும் சொல்லல,” என்றாள் சுஜி. அவள் குரலில் குத்தலே இல்லை, கணக்காசிரியை போலப் பேசினாள். “மெசேஜ் படிச்சிருக்கீங்க. ப்ளூ டிக் இருக்கு. நான் அப்பவே செக் பண்ணிட்டுத்தான் மினிட்ஸ்ல ஏத்தினேன்.”

“அது இந்தம்மாவா?” என்று ஞானம்மாள் அப்போதுதான் பார்த்தாள். ஜெபப் புத்தகத்தையும் கஞ்சி போட்ட புடவையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “இம்மாம் படிச்சி இன்னா பிரோஜனம்,” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

யூனிஸ் எழுந்தாள். ஆகஸ்டில் சொல்லியிருக்க வேண்டியதை மே மாதத்தில் சொன்னாள். விரிசல் எங்கே தொடங்குகிறது, எங்கே போகிறது, ஷீட் எதை அடைத்துவிட்டது, எல்லாம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஏழுதான். அறையில் யாரும் சிரிக்கவில்லை. டைல்ஸ்காரர்கூட வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கேஷவ் முகம் சுண்டிப்போயிருந்தது. “இப்ப சொல்றீங்க,” என்றான். “அப்பவே இவ்வளவையும் சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி? நான் ஜோக் அடிச்சேன், ஒத்துக்கிறேன். அதுக்காகச் சொல்லாம இருந்துடுவீங்களா?”

எட்டு வருஷத்தில் அவன் பேசி அவள் கேட்ட முதல் சரியான பேச்சு அது.

கூட்டம் வழக்கம்போல முடிந்தது. ஒரு ஆலோசகரை வைத்து ஆய்வு செய்வது, மழைக்காலத்துக்குப் பின் அறிக்கை பெறுவது. மழைக்காலத்துக்குப் பின் என்றால் எட்டு மாதம். “அதுவரைக்கும் இன்னாத்த குடிக்கறது, உங்க அறிக்கையையா?” என்று கேட்டுவிட்டு ஞானம்மாள் முதல் ஆளாக வெளியேறினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு யூனிஸ் மலையேறினாள். லாசரஸ் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், அவரிடம் சொல்லவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது பின்னால் சரசு வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் புல் அறுக்கிற பன்னருவாள் ஒன்று, தோளில் கிணற்றுத் தாம்புக்கயிறு.

“கதவு தொறந்து கெடக்கு, அய்யா பல்லு வெளக்கிகினு கீறாரு, உன்ன காணோம். எங்க போவேன்னு தெரியாதா?” என்றாள்.

“நீ வராதே. கேஸ் என் ஒருத்தி மேல இருக்கட்டும்.”

“ஒனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப கேசு வராது. போஸ்மாட்டம்தான் வரும்.” சரசு சிரிக்காமல் சொன்னாள். “நான் ஒனக்காவ வரல. எங்க கெணத்துக்காவ வந்தேன். எங்க வெட்டணும்னு உனக்குத்தான தெரியும். நட.”

அணையில் தண்ணீர் வெயிலுக்கு வற்றி, நடுவில் மார்பளவுதான் இருந்தது. யூனிஸ் கரையில் நின்று இரண்டு பக்கத்துப் பாறைகளையும் பார்த்தாள். வடக்குக் கரையில் பாறை பிளந்து, அந்தப் பிளவில் ஒரு கல்லத்திச் செடி காய்ந்துகொண்டிருந்தது. தெற்குக் கரையில் அதற்கு நேராக ஒரு கறுப்பு வெடிப்பு. இரண்டையும் மனதில் ஒரு கோட்டால் இணைத்தாள். அலுவலகத்தில் மேஜைமேல் செய்ததுதான், இங்கே முழு அளவில்.

சரசு அருவாளை அவளிடம் கொடுத்துவிட்டு, கயிற்றை அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். “கெணத்துலதான் இதுக்கு வேல இல்லயே,” என்றாள்.

பாசி பிடித்த பிளாஸ்டிக் காலை நிற்கவிடவில்லை. முதல் அடியிலேயே வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக, பழைய பூஜாடியின் நாற்றத்தோடு கழுத்துவரை ஏறியது. எழுந்து நின்றபோது மார்பளவு. மனதில் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவி நடந்தாள். ஓரிடத்தில் தரை உள்வாங்கியது. பழைய கயிற்றுக் கட்டிலின் நடுப்பள்ளம் போல, நெடுக ஒரு குழி, ஷீட் அதற்குள் தொய்ந்து இறங்கியிருந்தது. கால் விரலால் அதன் இரு கரைகளையும் தொட்டுப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் காகிதத்தில் இழுத்ததை இப்போதுதான் முதன்முதலாகத் தொடுகிறாள்.

குனிய வேண்டியிருந்தது. மூச்சைப் பிடித்துத் தலையை முக்கி அருவாளால் இழுத்தாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும். வாய்க்குள் பச்சைத் தண்ணீர் போய்க் குமட்டியது. மூன்றாம் முறை நுனியைக் குத்தி நிறுத்தி, உடம்பின் எடையைப் போட்டு இழுத்தாள். ஷீட் கிழிந்தது, ஒரு சாண். பிறகு காலை அந்த வாயில் கொடுத்து நெம்பி, முழம் அளவுக்குக் கிழித்தாள்.

“ஆன்ட்டி! என்ன பண்றீங்க! மேல வாங்க முதல்ல!”

கேஷவ் அணைச் சுவர்மேல் நின்றான். கேமராவில் பார்த்துவிட்டு அரை டிரவுசரோடு ஓடி வந்திருந்தான். கையில் ஃபோன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

சரசு கயிற்றை இழுக்க, யூனிஸ் நாலு காலில் கரையேறினாள். புடவை முழுக்கப் பாசி. முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

“பொதுச்சொத்தைச் சேதம் பண்ணியிருக்கீங்க. ரெக்கார்ட் ஆயிடுச்சு,” என்றான் கேஷவ். பிறகு தண்ணீரைப் பார்த்தான். அது ஒரு சலனமும் இல்லாமல் அப்படியே நின்றது. “ஒண்ணுமே ஆகலையே. எங்க போகுது? பாருங்க. எங்கயும் போகல.”

“மெதுவாத்தான் போகும்,” என்றாள் யூனிஸ், மூச்சு வாங்கிக்கொண்டே. “மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

அன்று மத்தியானத்துக்குள் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். காவல் நிலையத்தில் புகார் போயிற்று. ஒரு ஏட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். “இனிமே நம்மள ஒருத்தரும் சமோசாவுக்குக் கூப்பிட மாட்டாங்க,” என்றார் லாசரஸ். கொஞ்ச நேரம் கழித்து, “பரவாயில்ல. எண்ணெய் சரியில்லாம இருந்துச்சு,” என்றார். அவர் இன்னும் குழுவில் இருந்தார். ஐந்தாம் நாள் கேஷவ் அளவுகோலின் படத்தைப் போட்டு, நாலு அங்குலம் இழப்பு என்று எழுதியதைக் கொண்டுவந்து காட்டினார். கீழே ஒரே ஒரு கட்டைவிரல்தான் இருந்தது.

சரசு தினம் வந்தாள், வேலையைப் பார்த்தாள், போனாள். கிணற்றைப் பற்றி அவளும் சொல்லவில்லை, யூனிஸும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். பன்னிரண்டாம் நாள் நினைப்பதை நிறுத்திவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். எட்டு வருஷத்தில் பாறையடிக்குள் அவள் போவது அதுதான் முதல் தடவை. அடுக்ககத்தின் பின்சுவரிலிருந்து ஐந்து நிமிஷம்கூட இல்லை.

கிணற்றைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஞானம்மாள் சுவரில் சாய்ந்து நின்று முறை சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு குடம். யூனிஸை யாரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆழத்தில், மேற்குப் பக்கத்துப் பாறையில், விரற்கடை அகலத்தில் ஒரு ஈரக்கோடு பளபளத்தது. அதன் அடியில் முழங்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர்.

“வேடிக்க பாக்க வந்தியா?” என்றாள் ஞானம்மாள். “போன மழைக்கு முன்ன வந்திருந்தா குந்த வெச்சி மோர் குடுத்திருப்பேன்.”

“ஆமா,” என்றாள் யூனிஸ்.

“இன்னா ஆமா?”

“அப்பவே வந்திருக்கணும்.”

ஞானம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மன்னிக்கிற முகம் இல்லை, அதற்கு அவளுக்கு நேரமும் இல்லை. வாளி கீழே போய்த் தண்ணீரில் சாய்ந்து நிரம்புகிற சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வெளிச்சத்த மறச்சிகினு நிக்கிற. தள்ளி நில்லு,” என்றாள் ஞானம்மாள்.

யூனிஸ் தள்ளி நின்றாள்.